முன் சக்கரம் இழுக்காத போது

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எனக்கு முன்னால் பேசியவர்கள் பெரிய பெரிய விஷயங்களைப் பேசிவிட்டார்கள். நான் பட்டறைக்காரன். தெரிந்ததைத்தான் பேச முடியும். நீலகிரி மலையடிவாரத்தில் தொழில் செய்வதால் ஃபோர் வீல் டிரைவ் உள்ள பிக்கப் வண்டிகள் என்னிடம் அதிகம் வரும். வருகிறவர் சொல்வதும் பெரும்பாலும் ஒன்றுதான்: "சார், லீவரைப் போட்டாலும் முன் சக்கரம் இழுக்க மாட்டேங்குது."

மெக்கானிக்கல் படிக்காத நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. இவ்வகை வண்டிகளில் சாதாரணமாகப் பின் சக்கரங்கள் மட்டுமே வண்டியைத் தள்ளும். லீவரைப் போட்டால், கியர்பாக்ஸை ஒட்டியுள்ள டிரான்ஸ்ஃபர் கேஸ் முன்பக்க புரொப்பெல்லர் ஷாஃப்டையும் சேர்த்துப் பூட்டும். அத்தோடு வேலை முடியவில்லை. பல வண்டிகளில் முன் அச்சிலோ, சக்கர ஹப்பிலோ இன்னொரு பூட்டு உண்டு. போரில் மிஞ்சிய ஜீப்புகளைத் தார்ச்சாலையில் ஓட்ட வசதியாக, ஆர்தர் வார்ன் என்பவர் 1948-இல் அமெரிக்காவில் பூட்டும் ஹப்புகளுக்கென்றே ஒரு தொழில் தொடங்கினார். அன்று கையால் திருகியதை, பின்னாளில் வாக்குவமும் மின்சாரமும் செய்யத் தொடங்கின.

ஆக, பூட்டு இரண்டு. எந்தப் பூட்டு விழவில்லை என்று தெரியாமல் ஸ்பேனரைத் தொடக்கூடாது.

அதைக் கண்டுபிடிக்கக் காசு வேண்டாம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஃபோர் வீலில் போட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு, முன் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்ட் வையுங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்ற முடியவில்லையா? இரண்டு பூட்டும் விழுந்திருக்கிறது. சுற்றுகிறதா? பக்கத்தில் ஒருவர் டார்ச் அடித்து முன் ஷாஃப்டைப் பார்க்கட்டும். ஷாஃப்டும் கூடவே சுற்றினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் பூட்டவில்லை. ஷாஃப்ட் அசையாமல் சக்கரம் மட்டும் சுற்றினால் கோளாறு ஹப்பில் அல்லது முன் அச்சில். ஹப் வைத்த வண்டியில் ஒரு பக்க ஹப் திறந்திருந்தாலே போதும்; டிஃபரென்ஷியல் விசையையெல்லாம் அந்தப் பக்கமே வீணாக்கிவிடும், இரண்டு சக்கரமும் இழுக்காது.

பிறகு வரிசையாகப் போக வேண்டும். ஃபியூஸ், பச்சை பூத்த கனெக்டர், வாக்குவம் டியூப், தேய்ந்த லீவர் புஷ். டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரிப்பது கடைசி.

சென்ற மழைக்காலத்தில் கேரட் மூட்டை ஏற்றும் டிரைவர் தம்பி ஒருவர் வந்தார். வேறொரு இடத்தில் டிரான்ஸ்ஃபர் கேஸையே மாற்றச் சொல்லிவிட்டார்களாம். வண்டிக்குத் தவணை பாக்கி. மனைவியின் சங்கிலியை அடகு வைக்கப் பேசிவிட்டு வந்திருந்தார். அவர் ஊருக்கு மண்பாதை. மழை நாளில் பிரசவ வலி என்றாலும் அந்த வண்டிதான் கீழே இறங்க வேண்டும்.

சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினோம். ஷாஃப்ட் அசையவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, முன் அச்சுக்குப் போகும் வாக்குவம் டியூபைக் கழற்றி நுனியில் விரல் வைத்தேன். உறிஞ்சல் இல்லை. எஞ்சின் சூட்டில் ரப்பர் வெடித்திருந்தது. ஒரு முழம் டியூப் மாற்றினோம். "ஏனுங் சார், இவ்வளவுதானுங்களா?" என்று கேட்டவர், அப்புறம் சிறிது நேரம் பேசவேயில்லை.

வண்டி வைத்திருக்கும் நண்பர்களுக்கு இரண்டு சொல். இவ்வகை வண்டியை, காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீலில் ஓட்டாதீர்கள். திருப்பத்தில் முன் சக்கரங்கள் அதிக தூரம் ஓட வேண்டும். ஷாஃப்டுகள் முறுக்கிக்கொண்டு லீவர் இறுகிவிடும். இறுகினால் இழுத்து உடைக்காமல், நேராகச் சில அடி ரிவர்ஸ் எடுங்கள், விடும். இரண்டாவது, மாதம் ஒரு முறையாவது மண் பாதையில் ஃபோர் வீல் போட்டு ஓட்டுங்கள். அசையாத பூட்டு துருப்பிடிக்கும்.

தம்பிகளே, இன்று உங்கள் கையில் ஸ்கேனர் இருக்கிறது, நல்லது. ஆனால் வெடித்த ரப்பரை எல்லா ஸ்கேனரும் சொல்லாது. செலவில்லாத சோதனை முதலில், செலவுள்ளது பிறகு. இது வெறும் தொழில்நுட்பம் அல்ல. வண்டிக்காரரின் பணத்துக்கு நாம் காட்டும் மரியாதை.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பழைய ஃபோர் வீல் ஜீப் ஒன்றை வாங்கி நம் பட்டறைக்குக் கொடுப்போம். ஆசிரியர்கள் அதில் ஒரு கோளாறு வைக்கட்டும். மாணவர்கள் ஸ்பேனர் தொடாமல் அதைக் கண்டுபிடித்துச் சொல்லட்டும். என் பங்கை இன்றே பொருளாளரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.