மொத்தமாக விடுவதா, தனித்தனியாகப் பேசுவதா?

ஓட்டப்பிடாரத்தில் பழைய வீட்டைப் பழுது பார்த்து வாடகைக்கு விட நினைக்கிறீர்கள். பொருளோடு சேர்த்து ஒரு காண்ட்ராக்டரிடம் ஒப்படைப்பதா, கொத்தனார், எலக்ட்ரீசியன், பிளம்பர், பெயிண்டர் என்று நாமே தனித்தனியாகப் பேசுவதா?

தனியாகப் பேசினால் காண்ட்ராக்டரின் லாபம் நமக்கு மிச்சம், வாஸ்தவம்தான். ஆனால் வேலையின் முன்பின் வரிசை நம் தலையில் விழும். சுவரில் காடி வெட்டி, வயர் போகும் குழாயைப் பதித்த பிறகுதான் பூச்சு. எலக்ட்ரீசியன் வேறு சைட்டுக்குப் போய்விட்டால் கொத்தனார் சும்மா நிற்பார்; அன்றைக்கும் கூலி உண்டு. பூச்சு முடிந்தபின் வந்தாலோ, புதுச் சுவரை உடைக்க வேண்டியதுதான். சென்னையில் இருந்துகொண்டு போனிலேயே இதை நடத்துவது ஆகாத காரியம்.

நம்ம கரிசல் மண் வேறு சங்கதி. மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அஸ்திவாரமும் கூடவே அசையும். கதவு மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலைப் பெயிண்டர் பட்டி பார்த்து மறைத்துவிடுவார். அடுத்த கோடையில் மறுபடி தெரியும். பெயிண்டர் கொத்தனாரைச் சொல்வார், கொத்தனார் மண்ணைச் சொல்வார். ஒரே காண்ட்ராக்டர் என்றால் கேட்க ஓர் ஆள் உண்டு. பட்டி பார்க்குமுன், சுவரடியில் மழைத்தண்ணீர் தேங்காதபடி வாட்டம் விட்டுச் சுற்றிலும் தளம் போடச் சொல்லுங்கள்.

ஆனால் வேலை வெள்ளையடிப்பும் ஒரு குழாய் மாற்றுவதும் மட்டும் என்றால் காண்ட்ராக்டர் எதற்கு?

மொத்தமாக விட்டால், என்ன சிமெண்ட், என்ன வயர் என்பதுவரை எழுதி வாங்குங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வீடு கட்டுவதும் ஒரு சேவைதான். குறை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், அந்தக் காகிதத்தோடு.