ஊசியின் எண்ணும் சதைத் துணுக்கும்

நுரையீரல் கட்டியிலிருந்து சதை எடுக்கும் ஊசிகளில் எண் ஏற ஏறப் பருமன் குறையும். 18 கேஜ் ஊசியின் வெளிவிட்டம் ஏறத்தாழ 1.27 மி.மீ.; 22 கேஜ் ஊசிக்கு 0.72, 25 கேஜுக்கு 0.51. கம்பி இழுக்கும் தொழிலில் பிறந்த கணக்கு இது. புதுவைப் பஞ்சாலைகளுக்கு ஷிப்டு போய் வந்த வில்லியனூர், பாகூர்க் குடும்பங்களுக்கு இதில் புதிர் இல்லை: 80-ஆம் நம்பர் நூல் 40-ஐவிட மெல்லியது.

கட்டி நுரையீரலின் ஓரத்தில் இருந்தால், சி.டி. படம் பார்த்து விலா எலும்புகளுக்கு நடுவே 18 அல்லது 20 கேஜ் வெட்டு ஊசி செலுத்தப்படுகிறது. அஞ்ச வேண்டியது, நுரையீரலைச் சுற்றிக் காற்றுத் தேங்குவது. அதைத் தீர்மானிப்பது பருமன் மட்டுமன்று. நுரையீரல் உறை எத்தனை முறை துளைபடுகிறது, பீடி பிடித்துப் பிடித்து நுரையீரல் ஏற்கெனவே ஊதிக் கிடக்கிறதா என்பவை அதைவிடக் கனமானவை. அதனால்தான் 17 கேஜ் வெளிக்குழலை ஒரே முறை குத்தி நிறுத்தி, அதற்குள் 18 கேஜ் ஊசியைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள்.

மார்பின் நடுவே மூச்சுக்குழலை ஒட்டிய நிணநீர் நெறிகளுக்கு வேறு வழி: நுனியில் அல்ட்ராசவுண்ட் பொருத்திய எண்டோஸ்கோப், அதாவது ஈபஸ். 21-ஆ 22-ஆ என்ற வழக்கு இங்கேதான். 2013-இல் வெளியான அமெரிக்கப் பதிவேட்டு ஆய்வில், ஆறு மையங்களின் 1,299 நோயாளிகளிடம் இரண்டுக்கும் நோயறிதலில் வேறுபாடு தென்படவில்லை. அமெரிக்க மார்பு மருத்துவர் கல்லூரியின் 2016 வழிகாட்டுதல் இரண்டையும் ஏற்றது. 19 கேஜ் கூடுதல் சதை தரக்கூடும். கூடவே இரத்தமும் வரும். நெறி பெருத்திருந்தாலே புற்று என்று கொள்ளவும் முடியாது. காசநோய் மலிந்த நாட்டில் அதே ஊசி எடுத்த நீரில் ஒரு பங்கு ஜீன்எக்ஸ்பர்ட் சோதனைக்கும் போக வேண்டியிருக்கிறது.

பருமன் பற்றிய வாதம் பாதி தேவையற்றது. மாறியிருப்பது கேள்வி. முன்பு ‘புற்றா, இல்லையா, எந்த வகை’ என்பதோடு முடிந்தது; அதற்குச் சில செல்கள் போதும். இன்று இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே., ராஸ்-1 மரபணு மாற்றங்களும் பி.டி.-எல்1 புரதத்தின் அளவும் தெரியாமல் மருந்து எழுத முடிவதில்லை. பி.டி.-எல்1 சோதனைக்கு மட்டுமே குறைந்தது 100 புற்றுச் செல்கள் வேண்டும். உடனடி நுண்ணோக்கிப் பார்வைக்கு ஆளில்லாத இடத்தில் ஒரு நெறியில் மூன்று முறையாவது ஊசி செல்ல வேண்டும் என்கிறது அதே 2016 வழிகாட்டுதல்.

‘கட்டியில ஊசி பட்டா பரவிடும்’ என்ற பேச்சு கிராமங்களில் இன்னும் உண்டு. ஊசித்தடத்தில் புற்று ஊன்றுவது நடக்கும், ஆனால் மிக அரிது. அதைவிட அடிக்கடி நேர்வது துணுக்குப் போதாமல் மறுபடி அழைக்கப்படுவது. பாகூர்க்காரருக்கு அது புதுவை நகரைக் கடந்து கோரிமேடு ஜிப்மருக்கு இன்னொரு பஸ் பயணம், துணைக்கு வருபவரோடு சேர்த்து இரண்டு நாட்கூலி.

எடுத்த துணுக்கு வெள்ளை நூல்போல இருக்கும். ஃபார்மலின் புட்டியில் இட்டதும் காற்றுள்ள நுரையீரல் திசு பெரும்பாலும் மிதக்கும். கட்டிச் சதை மூழ்கும். ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்தைத் தாண்டாமல் அதில் ஊறினால்தான் மரபணுச் சோதனை நம்பகமாக அமையும். சனிக்கிழமை மாலை எடுத்த 18 கேஜ் துணுக்கும் செவ்வாய் இரவுவரை அலமாரியில் கிடந்தால் அந்த வரம்பைத் தாண்டிவிடும்.