கல்வராயன் மலையிலிருந்து ஒரு குவளை



கள்ளக்குறிச்சி என்றதும் 2024 ஜூன் மாதம் நினைவுக்கு வராதவர்கள் நம்மில் குறைவு. கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மெத்தனால் உடலுக்குள் போய் பார்மிக் அமிலமாக மாறுகிறது. பார்வை நரம்பைக் கெடுக்கிறது, உயிரையும் பறிக்கிறது. முகர்ந்தோ ருசித்தோ அதை இனங்காண முடியாது. இந்த மாவட்டத்தில் பானங்களைப் பற்றிப் பேச வருகிறவர் அந்தத் துயரத்தைச் சொல்லாமல் தொடங்குவது முறையல்ல.

இதே மாவட்டத்தின் கல்வராயன் மலையில் சாராய ஊறலுக்கு வெல்லமும் வேலம்பட்டையும் கடுக்காயும் போடுவார்கள். இனிப்பும் துவர்ப்பும். பெருநகர ஹோட்டல்களில் காக்டெயில் கலப்பவர்கள் தேடி அலைவதும் இந்தச் சுவைகளைத்தான்: இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு, துளி காரம், ஒன்றை ஒன்று அமுக்காமல். மதுவை எடுத்துவிட்டாலும் அந்தக் கைப்பக்குவம் அப்படியே நிற்கும். அதற்கு வேண்டியவற்றில் பெரும்பகுதி இந்த மலையிலும் அதன் அடிவாரத்திலும் விளைகிறது.

மாசி, பங்குனியில் புளி உலுக்குவார்கள். புதுப்புளி நிறம் வெளுப்பு, புளிப்பு கூர்மை. பானகத்துக்கு அதைத்தான் நான் எடுப்பேன். பழம்புளி நிறத்தைக் கறுக்கவைத்து வெல்லத்தின் மணத்தை மூடிவிடும். சித்திரை, வைகாசியில் நுங்கு. இளநுங்கைத் தோல் நீக்கிக் கையால் மசித்து, நன்னாரி சர்பத்தும் எலுமிச்சைச் சாறும் விட்டால் போதும். மிக்சியில் அடித்தால் நுங்கு நுங்காக இருக்காது.

ஆனி, ஆடியில் நாவல் வந்துவிடும். எனக்குப் பிடித்த பருவம் இதுதான். பழத்தை உப்பு நீரில் கழுவி, கொட்டை நீக்கிப் பிசைந்து, வடிகட்டாமல், கல் உப்பும் தட்டிய மிளகும் சேர்த்துக் குளிர்ந்த நீர் ஊற்றுங்கள். ஊதா நிறமே பாதி விருந்து. சர்க்கரையை அளந்து போடுங்கள். இனிப்பு கூடினால் நாவலின் துவர்ப்பு செத்துவிடும். அந்தத் துவர்ப்புதான் நாக்கை அடுத்த மடக்குக்கு இழுக்கிறது.

ஐப்பசி தொடங்கி தை வரை நெல்லிக்காய். நாலு காய்க்கு ஒரு துண்டு இஞ்சி, இரண்டு கறிவேப்பிலை, சிட்டிகை உப்பு. அரைத்து வடிகட்டி, மலைத்தேன் ஒரு கரண்டி. தேனைக் கடைசியில், சூடில்லாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். குடித்துவிட்டு வெறும் தண்ணீர் குடித்தால் தண்ணீரும் தித்திக்கும். மார்கழிக் குளிருக்குச் சுக்கு, மல்லி, கருப்பட்டி போட்டுக் கொதிக்கவைத்தால் போதும்.

நம் பக்கத்துக் கல்யாண வீடுகளில் வாசலிலேயே பாட்டிலில் அடைத்த கலர் தண்ணீரைக் கொடுக்கிறார்கள். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் ஓடும் அளவுக்குக் கரும்பு விளைகிற ஊர் இது, வெல்லத்துக்கா பஞ்சம்? அந்தக் கலர் தண்ணீரைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அடுத்த முகூர்த்தத்துக்குச் சமையல்காரரிடம் பானகம் போடச் சொல்லிப் பாருங்கள்: 100 பேருக்கு 20 லிட்டர் தண்ணீர், 4 கிலோ வெல்லம், கால் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகப் புதுப்புளி, 50 கிராம் சுக்கு, ஒரு கைப்பிடி ஏலக்காய். வெல்லத்தைக் கரைத்து மண் போக வடிகட்டச் சொல்லுங்கள். தண்ணீர் காய்ச்சி ஆறவைத்ததாக இருக்கட்டும். துளசியைப் பரிமாறும் நேரத்தில் கிள்ளிப் போட்டால் போதும். முன்கூட்டியே போட்டால் கறுத்துவிடும்.