சிற்பக் கூடத்தில் பயின்ற கவிஞர்



1902 ஆகஸ்டுத் திங்கள் இறுதியில் பாரிசு வந்திறங்கிய ரில்கேவுக்கு அகவை 26. பிராகு நகரில் பிறந்து செர்மன் மொழியில் எழுதிவந்த அவர், சிற்பி ரோடினைப் பற்றி நூலொன்று எழுதும் பொறுப்பேற்றிருந்தார். பேச்சுப் பிரெஞ்சு தடுமாறியது. நகரமோ அச்சுறுத்தியது, மருத்துவமனைகளும் நோயாளரும் தந்த அவ்வச்சமே 1910இல் ‘மால்டே’ புதினமாயிற்று.

அகத்தூண்டல் வருமட்டும் காத்திருத்தலே கவிஞர்க்கு இயல்பென நம்பியிருந்தவர் (நம் கவிஞர் பலரும் இன்றளவும் அவ்வாறே நம்புகின்றனர்!), நாள்தோறும் களிமண்ணும் கையுமாய் உழைத்த முதியவரைக் கண்டார். ஊர் வழக்கத்தைவிடப் பட்டறை வழக்கத்துக்கு இணங்குவதே அவர்க்குக் கடினமாயிற்று எனலாம். சிற்பி பொருளை நோக்குமாறு நோக்கப் பழகினார். பாரிசுத் தாவரப் பூங்காவில் கூண்டுக்குள் உலவிய சிறுத்தையைப் பற்றிய கவிதை அப்பயிற்சியின் விளைவு. அதில் கவிஞர் தம் துயரைச் சொல்லவில்லை. விலங்கின் நடையும் கண்ணுமே உள்ளன. முன்னைய கவிதைகளில் வழிந்தோடிய தன்னுணர்ச்சி இங்கு அடங்கிவிட்டது.

1905இல் ரோடினின் மியூதோன் இல்லத்திலேயே தங்கிச் செயலராய்ப் பிரெஞ்சில் மடல்கள் வரைந்தார். காலையில் இரண்டு மணி நேரம் எனப் பேசிய வேலை, நாள் முழுவதையும் விழுங்கிற்று. தம் நண்பர்களுடன் தாம் அறியாமல் மடல் தொடர்பு கொண்டாரெனச் சினந்த ரோடின், 1906 மே திங்களில் அவரை வெளியேற்றினார். ரில்கே மனம் நொந்தார். ஆயினும் பகை பாராட்டவில்லை. 1908இல் வெளிவந்த ‘புதிய கவிதைகள்’ இரண்டாம் பகுதியைப் பெரும் நண்பர் என விளித்து, பிரெஞ்சு மொழியிலேயே ரோடினுக்குப் படையலாக்கினார்.