தாத்தா வீடு யாருக்குச் சொந்தம்?

(கள்ளக்குறிச்சியில் நடந்த கலந்துரையாடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



கள்ளக்குறிச்சி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு இன்று என்ன நினைவுக்கு வருகிறது? 2024 ஜூனில் கருணாபுரத்திலும் சுற்றுப்பகுதியிலும் கள்ளச்சாராயத்துக்கு 60 பேருக்கு மேல் பலியானது. அந்தச் சாவுகளை மறக்கச் சொல்லவில்லை. ஆனால் நாம் செத்தால்தான் செய்தி, நாம் படித்தது செய்தியில்லை என்றால், அந்தக் கணக்கைத் திருத்த வேண்டியவர்களும் நாம்தான்.

எங்கள் காலனியில் என் தாத்தாவின் ஓட்டு வீடு இருக்கிறது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகளைத் தனியாக உட்கார வைத்த காலத்தில், அந்தத் திண்ணையில் அரிக்கேன் விளக்கு வைத்து ராத்திரிப் பாடம் நடத்தினார். அங்கே ‘அ’ எழுதியவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்த வீட்டை நூலகமாகவும் நம் வரலாற்றுக் கூடமாகவும் ஆக்க வேண்டும் என்று ஓராண்டாகப் பேசுகிறோம். வேலை ஏன் நகரவில்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதலில் லண்டன் கதை. 1921-22இல் அண்ணல் அம்பேத்கர் மாணவராகத் தங்கியிருந்த வீடு, கிங் ஹென்றி சாலையில் 10ஆம் எண். 2015இல் மகாராஷ்டிர அரசு அதை 30 லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கியது. அந்த ஆண்டு நவம்பரில் பிரதமரே திறந்துவைத்தார். அதோடு முடிந்ததா? குடியிருப்பு வீட்டை நினைவகமாக்கினால் குடியிருக்க ஓர் இடம் குறைகிறது என்று கேம்டன் நகராட்சி அனுமதி மறுத்தது. அக்கம்பக்கத்தினர் சிலரும் எதிர்த்தார்கள். 2019இல் பொது விசாரணை நடந்து, 2020 மார்ச்சில்தான் அனுமதி வந்தது. ஓர் அரசாங்கம் கையில் பணத்தோடு போயும் ஐந்தாண்டு. வீட்டை வாங்குவது ஒன்று, அதை மக்களுக்கான இடமாக மாற்றுவது வேறு.

நம் வீட்டுக்கு வருவோம். பங்காளிகள் நான்கு பேர். என் பங்கை எழுதிக் கொடுக்கத் தயாராக இருந்தேன். பெரியப்பா மகன் சொன்னார்: "தம்பி, நீ மாசச் சம்பளம் வாங்குற, கொடுத்துடுவ. எம்பொண்ணுக்கு நர்சிங் பீஸ் கட்டணும். தாத்தா இருந்தா எதை முதல்ல பண்ணச் சொல்லுவார்?" எனக்குப் பதில் வரவில்லை. தாத்தா பீஸைத்தான் கட்டச் சொல்லியிருப்பார். ஆகவே அண்ணனைத் துரோகி என்று பேசுவதை இன்றோடு நிறுத்துவோம். அவர் பங்குக்குச் சந்தை விலை கொடுப்போம். ஒரு பெண்ணின் படிப்பைப் பிடுங்கி நூலகம் கட்டக் கூடாது.

பணத்துக்கு எங்கே போவது? முழுச் செலவையும் ஏற்பதாக ஒருவர் வந்தார். முகப்பில் அவர் அப்பா பெயர், நிர்வாகத்தில் அவருக்கு நிரந்தர இடம் என்பது நிபந்தனை. வேண்டாம் என்பது என் கருத்து. பிறப்பால் வரும் நிரந்தர இடத்தை எதிர்த்துத்தானே இங்கே கூடியிருக்கிறோம்? அரசுப் பணம் இருக்கிறது. நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி நிதியில் ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். அதில் 15 விழுக்காடு பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்கும், 7.5 விழுக்காடு பழங்குடிப் பகுதிகளுக்கும் போக வேண்டும். ‘நமக்கு நாமே’ திட்டம் இருக்கிறது. மக்கள் ஒரு பங்கு கட்டினால் மீதி அரசுடையது. ஆனால் இந்தப் பணமெல்லாம் பொதுச் சொத்துக்குத்தான். வீடு எங்கள் குடும்பத்தின் பெயரில் இருக்கும்வரை ஒரு ரூபாய் வராது. ஆகவே முதல் வேலை பத்திரம். நாம் திரட்டும் முதல் பணம் அண்ணனின் பங்குக்குப் போகட்டும். வரவு செலவைக் காலனிச் சுவரில் எழுதி வைப்போம்.

கல்வராயன் மலையிலிருந்து வந்திருக்கும் தோழர்கள் ஒன்று கேட்டார்கள்: "உங்களுக்கு ஒரு வீடாவது இருக்கு. எங்களுக்கு?" நியாயமான கேள்வி. நாட்டுக்குச் சுதந்திரம் 1947இல் வந்தது. மலையில் மூன்று ஜாகிர்களின் ஆட்சி முடிந்து அரசு பொறுப்பேற்றது 1976இல். ஜாகிர்தாருக்குக் கூலியில்லாமல் உழைத்ததைச் சொல்லும் முதியவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். அன்று இருபது வயது என்றால் இன்று எழுபது. மலையில் கட்டடம் வேண்டுமென்றால் அதற்கும் வழி உண்டு: 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, கிராம சபை பரிந்துரைத்தால், ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தைச் சமுதாயக் கூடத்துக்கு ஒதுக்கலாம். ஆனால் அது வரும்வரை அந்த முதியவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

அதனால் ஒன்று கேட்கிறேன். கட்டடத்துக்கு முன்னால் குரல்களைச் சேர்ப்போம். உங்கள் கையிலிருக்கும் போன் போதும். இந்த ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் வெள்ளிமலைக்கு வாருங்கள், பத்துப் பேர் எங்கள் காலனிக்கு வாருங்கள். பதிவின் ஒரு பிரதியைப் பேசியவர் வீட்டிலேயே கொடுத்துவிட்டு வருவோம். அது அவர்களுடைய கதை.

வீடு தயாராகும்போது உள்ளே வைக்க நம்மிடம் ஏதாவது இருக்க வேண்டும் இல்லையா? பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். நோட்டு கொண்டுவந்திருக்கிறேன்.