எச்சத்தில் கிடைத்த வண்டு

(நமது காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

உரக்குழி பற்றி ஓட்டுப் போடுவதற்கு முன் ஐந்து நிமிடம் கொடுங்கள். நான் பி.காம். படித்து வங்கியில் கணக்கு எழுதியவன். இன்று ஒரு வண்டைப் பற்றிச் சொல்கிறேன்.

அதன் பெயர் டிரையாமிக்சா. இன்று உலகில் அந்த இனம் இல்லை. சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. நீளம் ஒன்றரை மில்லிமீட்டர்; கடுகளவுதான். போலந்து நாட்டில், கல்லாகிப்போன ஒரு விலங்கின் எச்சத்துக்குள் இருந்தது. சைலசாரஸ் என்ற விலங்கு இட்டதாக இருக்கலாம் என்கிறார்கள். டைனோசருக்குப் பங்காளி முறை. இரண்டு மீட்டருக்குச் சற்று அதிக நீளம்.

உடைத்துப் பார்த்திருந்தால் வண்டு தூளாகியிருக்கும். அதனால் பிரான்சில் கிரெனோபிள் நகரத்தில் உள்ள சின்க்ரோட்ரான் கூடத்தில், மிகச் சக்திவாய்ந்த எக்ஸ் கதிர்களால் ஸ்கேன் எடுத்தார்கள். காலும் உணர்கொம்பும்கூடச் சிதையாமல் தெரிந்தன. 2021-ல் செய்தி வெளியானது. புதைபடிவ எச்சத்திலிருந்து பெயரிடப்பட்ட முதல் பூச்சியினம் இதுதான்.

இதில் என்ன விசேஷம்? பழங்காலப் பூச்சி என்றால் அம்பர் என்னும் மரப்பிசின் படிவத்தில்தான் முழுசாகக் கிடைக்கும் என்பார்கள். ஆனால் பூச்சிகள் நன்றாகக் கிடைக்கும் அம்பர் சுமார் 14 கோடி ஆண்டுகளோடு நின்றுவிடுகிறது. அதற்கு முந்தைய பக்கங்களைப் புரட்ட எச்சம் உதவியிருக்கிறது. அதிலிருந்த கால்சியம் பாஸ்பேட் சீக்கிரம் இறுகிக் கல்லானதால் வண்டு தப்பியது. பெரிய பூச்சிகளின் உடைந்த துண்டுகளும் இத்தகைய எச்சங்களில் உண்டு. இது சின்னது, மெல்லப்படாமல் விழுங்கப்பட்டிருக்கிறது. எச்சம் என்றால் மிச்சம் என்றும் பொருள் உண்டு அல்லவா? பேரேட்டில் மிச்சம் என்றால் அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டியது.

இனி நம் விஷயம். உரக்குழியில் பூச்சி வருகிறது, வாராவாரம் மருந்து அடிக்கலாம் என்று தீர்மானம் வந்திருக்கிறது. குழந்தைகள் விளையாடும் இடம் பக்கத்தில் என்பதால் உங்கள் கவலை நியாயமானதே. ஆனால் குப்பையை உரமாக்கும் வேலையில் அந்தப் பூச்சிகளுக்கும் பங்கு உண்டு. அவற்றைக் கொன்றுவிட்டு, அதே மருந்து கலந்த உரத்தை நம் கீரைத் தொட்டிகளில் போடப் போகிறோமா?

என் யோசனை இதுதான். ஒவ்வொரு முறையும் சமையல் கழிவின் மேல் காய்ந்த இலையைப் பரப்புங்கள். தண்ணீர் தேங்க விடாதீர்கள். குழிக்கு வலை மூடி போடுவோம். மூன்று மாதம் பார்ப்போம். அதற்குப் பிறகும் தொல்லை இருந்தால் மருந்துக்கு நானே கை தூக்குகிறேன்.