ஏரிக்கரையில் இடம்பெயர்ந்த ஆலயங்கள்

எகிப்து நாட்டின் தென்பகுதியில் நாசர் ஏரி என்னும் மாபெரும் நீர்த்தேக்கம் உண்டு. 1960இல் தொடங்கி 1970இல் முடிவுற்ற அசுவான் உயர் அணையால் நைல் நதி தேங்கி உருவானது அது. சூடான் எல்லையையும் கடந்து ஏறக்குறைய 500 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. அசுவானுக்கும் அபு சிம்பெலுக்கும் இடையே கப்பலில் செல்வோர் மூன்று நான்கு நாள்கள் நீரிலேயே கழிக்கின்றனர். இருமருங்கும் பாலைமணல், ஊர்களைக் காண்பதரிது. இடையிடையே பழம்பெரும் ஆலயம் ஒன்று தனித்து நிற்கும்.

அவ்வாலயங்கள் இன்று நிற்குமிடத்தில் கட்டப்பட்டவையல்ல. அவை நீரில் மூழ்கவிருந்ததனால் யுனெஸ்கோ 1960இல் உலக நாடுகளின் உதவியை நாடியது. இரண்டாம் இராம்செசு மன்னன் மலையைக் குடைந்து எழுப்பிய அபு சிம்பெல் ஆலயங்கள் 1964 முதல் 1968 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கற்பாளங்களாக அறுக்கப்பட்டு, ஏறத்தாழ 65 மீட்டர் உயரத்தில் மீண்டும் பொருத்தப்பட்டன. பிப்ரவரி 22, அக்டோபர் 22 ஆகிய நாள்களில் காலைக் கதிரவன் இன்றும் பெரிய ஆலயத்தின் கருவறை வரை நுழைகிறான்.

அமாடா ஆலயத்தின் கதை இதனினும் வியப்புடையது. அறுத்தால் சுவரின் வண்ணச் சிற்பங்கள் சிதையுமென அஞ்சிய பிரெஞ்சுப் பொறியாளர்கள், ஆலயத்தின் பெரும்பகுதியை அப்படியே தண்டவாளத்தில் ஏற்றி, இரண்டரை கிலோமீட்டருக்கும் மேல் மெல்ல மெல்ல நகர்த்தினர். கோயிலே தேராக ஊர்ந்தது எனலாம், வடந்தான் இல்லை!

வாதி எஸ் செபுவா ஆலயம் பிற்காலத்தில் கிறித்தவத் தேவாலயமாயிற்று. பழைய தெய்வவுருவின் மேல் புனித பேதுருவைத் தீட்டியதால், இராம்செசு அவருக்கே மலர் சாத்துவதுபோல் காட்சி தருகிறான்.

கல்லைக் காக்க நாடுகள் பல திரண்டன. ஆயின் அக்கரைகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நூபிய மக்கள் ஏறத்தாழ 50,000 பேர், 1963-64இல் கோம் ஓம்போ பகுதிக்குக் குடிபெயர்க்கப்பட்டனர். அவர்தம் வீடுகளும் பேரீச்சந்தோப்புகளும் முன்னோர் கல்லறைகளும் நீருக்கடியில் போயின. தோட்டங்கள் கைமாறியபோது குடிகள் ஓரிடமும் அம்மன் ஓரிடமுமாகப் பிரிந்ததைக் கண்ட மலேசிய அன்பர்க்கு அத்துயரை விளக்கவும் வேண்டுமோ?

கசர் இப்ரிம் ஒன்றே பழைய இடத்தில் எஞ்சியுள்ளது. முன்னாளில் உயர்ந்த குன்றின் உச்சியில் இருந்த அதன் அடியை இன்று ஏரிநீர் அலைக்கிறது. பயணிகள் அங்கே இறங்குவதில்லை. கப்பல் சற்றே அருகில் நிற்க, மேல்தளத்திலிருந்து கண்டு செல்கின்றனர்.